மோட்டார் இருமுறை எரிந்தது: எந்த ஒயரில் அளந்தீர்கள்?

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விவரத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அப்பா நடத்திவந்த மிளகாய், மல்லி அரைக்கும் மில்லை இப்போது இவர் நடத்துகிறார். 7.5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் (மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் மெதுவாகப் புறப்படவைத்து, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றும் பெட்டி), பெல்ட் வழியாகச் சுழலும் பல்வரைசர் (அரைக்கும் இயந்திரம்). அரவை வேகமாகட்டும் என்று சென்ற ஆண்டு மோட்டாரில் இருந்த 5 அங்குலப் புல்லியைக் கழற்றிவிட்டு 6 அங்குலப் புல்லி மாட்டினார்கள். அதன்பின், மின்னோட்டம் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே அடிக்கடி ட்ரிப் ஆனது. 6 முதல் 10 ஆம்பியர் வரை திருகக்கூடிய ரிலே அது, 6.2-இல் இருந்ததை எலக்ட்ரீஷியன் 10-க்கு ஏற்றி வைத்தார். "மோட்டார் பிளேட்டில் 10.5 ஆம்பியர் என்று இருக்கிறது, அதற்குள்தானே வைத்திருக்கிறேன்" என்றாராம். ட்ரிப் நின்றது. சில வாரத்தில் காயில் எரிந்தது. ரீவைண்டிங் செய்து மாட்டினார்கள், மறுபடி எரிந்தது. இரண்டாம் முறை பிரித்தபோது ஒரு பேஸ் காயில்கள் மட்டும் கருகியிருந்ததை வைண்டிங் கடைக்காரர் காட்டினார்.

மூன்றாம் முறையாக மோட்டாரை மாட்டியதும் சகோதரி தாமே ஒரு டாங் டெஸ்டர் (ஒயரைத் தாடைக்குள் விட்டு மின்னோட்டத்தை அளக்கும் கருவி) வாங்கி அளந்திருக்கிறார். மெயினிலிருந்து வரும் மூன்று ஒயரையும் ஒன்றாகச் சேர்த்துத் தாடைக்குள் விட்டால் பூஜ்யம் காட்டியது. ரிலேக்குக் கீழே மோட்டாருக்குப் போகும் ஒயர்களை ஒவ்வொன்றாக அளந்தால், மிளகாய் அரைபடும்போது 6.6, 7.5, 8.6 ஆம்பியர். பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டினால் 2.7, 2.6, 2.9. ஓடும்போது பேஸுக்கும் பேஸுக்கும் இடையே மின்னழுத்தம் 395, 398, 385 வோல்ட்.

அவர் எடுத்த முடிவுகள்: டெஸ்டர் கோளாறு. மோட்டார் 10.5 ஆம்பியருக்கு மிகக் கீழேதான் ஓடுகிறது, ஆகவே லோடு அதிகமில்லை. சும்மா ஓடும்போதே இவ்வளவு இழுப்பதால் ரீவைண்டிங் மோசம், கடைக்காரர் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? கெபாசிட்டர் விற்க வந்தவர் "ஆம்பியர் குறையும், மோட்டார் எரியாது" என்கிறார், வாங்கலாமா? இல்லை, 10 குதிரைத்திறன் மோட்டாருக்கே மாறிவிடலாமா?

சகோதரி, எண்களை இவ்வளவு ஒழுங்காகக் குறித்து அனுப்புகிறவர்கள் குறைவு. அதனால்தான் மோட்டாரைப் பார்க்காமலே ஓரளவு உறுதியாகப் பேச முடிகிறது. உங்கள் டெஸ்டர் சரியாகத்தான் இருக்கிறது. அளந்ததும் பெரும்பாலும் சரி. எந்த ஒயரில் அளந்ததை எந்த எண்ணோடு ஒப்பிட்டீர்கள் என்பதில்தான் சிக்கல். உங்கள் எலக்ட்ரீஷியனும் அதே இடத்தில்தான் வழுக்கியிருக்கிறார்.

பூஜ்யம் ஏன் வந்தது

மும்முனை மோட்டாரில் மூன்று ஒயர்களின் மின்னோட்டமும் எந்தக் கணத்திலும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். ஒன்றில் உள்ளே போவது மற்றவற்றில் திரும்பி வரும். மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் காந்தப்புலம் கழிந்துபோய்ப் பூஜ்யம் காட்டுவதே முறை. அங்கே ஏதாவது எண் வந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்; மின்சாரம் மோட்டார் உடல் வழியாகவோ எர்த் வழியாகவோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேட இதே முறையை நாங்களும் கையாளுகிறோம். என்றாலும் பத்தில் ஒரு ஆம்பியர் வரை மட்டும் காட்டும் டெஸ்டர் ஒரு மனிதரைக் கொல்லப் போதுமான கசிவைக்கூடக் காட்டாமல் விடும். அதனால் பூஜ்யத்தைப் பார்த்து எர்த் ஒயரை அலட்சியம் செய்துவிடாதீர்கள்.

மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை அறிய, ஒரு நேரத்தில் ஒரே ஒயரைத்தான் தாடைக்குள் விட வேண்டும். தாடை முழுதாக மூடியிருக்க வேண்டும்.

மோட்டார் ஒயர் வேறு, மெயின் ஒயர் வேறு

பிளேட்டில் உள்ள 10.5 ஆம்பியர் என்பது மெயினிலிருந்து வரும் ஒயரில் பாய வேண்டிய அளவு. ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்கு ஆறு ஒயர்கள் போகின்றன அல்லவா? டெல்டாவுக்கு மாறியபின் ஒவ்வொரு மெயின் ஒயரின் மின்னோட்டமும் இரண்டு வைண்டிங்குகளுக்குப் பிரிந்து போகிறது. மூன்று முனைகளும் ஒரே கணத்தில் உச்சம் தொடாததால் சரிபாதியாகப் பிரியாமல், ஒவ்வொரு வைண்டிங்கிலும் மெயின் அளவில் 58 சதவீதம் பாயும். மெயினில் 10.5 என்றால் மோட்டார் ஒயரில் 6.1.

ஆக, நீங்கள் அளந்த 6.6, 7.5, 8.6 ஆகியவற்றை 10.5-உடன் ஒப்பிடக் கூடாது. 6.1-உடன் ஒப்பிட வேண்டும். மூன்றுமே அதைத் தாண்டிவிட்டன. சராசரி 7.57, அதை 1.73-ஆல் பெருக்கினால் மெயினில் சுமார் 13.1 ஆம்பியர். மோட்டார் தன் அளவுக்கு மேல் கால் பங்கு கூடுதலாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். மூன்று ஒயர்களையும் கூட்டி 415-ஆல் பெருக்கி 9.4 கிலோவாட் என்று கணக்குப் போட்டு, "5.5 கிலோவாட் (7.5 குதிரைத்திறன்) மோட்டார் எப்படி இவ்வளவு எடுக்கும், டெஸ்டர் பொய்" என்று எழுதியிருந்தீர்கள். வைண்டிங் மின்னோட்டத்தை அளந்திருப்பதால் இந்தக் கூட்டல் முறை இங்கே பொருந்திவிடுகிறது. மெயின் ஒயரில் அளந்து இப்படிக் கூட்டியிருந்தால் தவறாகும். 415-க்குப் பதில் நீங்கள் அளந்த உண்மையான மின்னழுத்தத்தைப் போட்டால் 8.9 கிடைக்கும். அது கிலோவாட் அல்ல, கிலோ வோல்ட் ஆம்பியர். இந்த அளவு மோட்டாருக்குப் பவர் பேக்டர் (அதில் உண்மையில் செலவாகும் பங்கு) 0.84 அளவில் இருக்கும் என்று கொண்டால் உள்ளே போவது ஏறக்குறைய 7.5 கிலோவாட். வெப்பமாக வீணாவது போகத் தண்டில் வருவது ஆறரை கிலோவாட். அதாவது 7.5 குதிரைத்திறன் மோட்டாரிடம் எட்டரைக்கு மேல் வேலை வாங்குகிறீர்கள்.

வைண்டிங்கில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 8.6 ஆம்பியர் பாயும் அந்த ஒரு வைண்டிங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 6.1-க்குப் பதில் 8.6 என்றால் செம்பில் வெப்பம் இரண்டு மடங்கு. இன்சுலேஷனின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. ஒரு பேஸ் மட்டும் கருகியதில் வியப்பில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது மெயினில் ஒரு பேஸ் போய்விட்டாலும் டெல்டா மோட்டாரில் இதே அடையாளம் தெரியும் என்பதால் அந்த வாய்ப்பையும் நான் தள்ளிவிடவில்லை.

முதல் வேலை ரிலே

முதலில் ட்ரிப் ஆன ரிலே தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. 6.2-இல் இருந்ததும் சரியான இடமே. ஸ்டார்ட்டரை முதலில் மாட்டியவர் விவரம் தெரிந்தவர். பெரும்பாலான ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர்களில் ரிலே மோட்டார் ஒயர்களின் பாதையில்தான் உட்கார்ந்திருக்கும். அங்கே 10 என்று வைத்தால் மெயினில் 17 ஆம்பியர் வரை கேள்வி கேட்காமல் விடும். 10.5 ஆம்பியர் மோட்டாருக்கு அது காவல் இல்லாத வீடு.

சில ஸ்டார்ட்டர்களில் ரிலே மெயின் பாதையிலேயே இருக்கும், அங்கு 10.5 என்று வைப்பதுதான் முறை. உங்களுடையது எந்த வகை என்பதை ஊகிக்க வேண்டாம். டெல்டாவில் ஓடும்போது ரிலே வழியாகப் போகும் ஒயரை ஒருமுறையும், அதே பேஸின் மெயின் ஒயரை ஒருமுறையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ரிலே மெயினில் இருக்கிறது. ரிலே ஒயரில் ஏழு சொச்சமும் மெயினில் 13 சொச்சமும் வந்தால், திருகை 6.1-க்குக் கொண்டுவாருங்கள். அப்படிச் செய்ததும் இன்றைய லோடில் ரிலே ட்ரிப் ஆகும், அரவை நிற்கும், வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். அதற்காக மறுபடி ஏற்றிவிட வேண்டாம். கூடவே, ஒரு பேஸ் போய்விட்டால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸ் பிரிவென்டரும் மாட்டச் சொல்லுங்கள். ஒரு ரீவைண்டிங் செலவோடு ஒப்பிட்டால் சிறிய தொகைதான்.

ரீவைண்டிங் கடைக்காரர் மீது வழக்கு?

நீங்கள் அனுப்பிய எண்களே அவருக்குச் சாட்சி சொல்கின்றன. பெல்ட் இல்லாமல் ஓடும்போது சராசரி 2.73; மெயினில் 4.7 ஆம்பியர். பிளேட் அளவில் 45 சதவீதம். இந்த அளவு மோட்டார்கள் சும்மா ஓடும்போது மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இழுப்பது வழக்கம். "சும்மா ஓடவே பாதி மின்சாரமா" என்ற உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் ஆம்பியர் பாதி என்றால் மின்சாரச் செலவும் பாதி என்று ஆகிவிடாது. அந்த மின்னோட்டத்தில் பெரும்பகுதி இரும்பில் காந்தப்புலத்தை உண்டாக்கிவிட்டு அப்படியே திரும்பிவிடும். பவர் பேக்டர் அப்போது மிகக் குறைவு. உண்மையில் செலவாவது சில நூறு வாட் மட்டுமே. சுற்றுகளைக் குறைத்துச் சுற்றியிருந்தால் இந்த எண் பாதியைத் தாண்டி எங்கோ போயிருக்கும்.

சட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு: 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொதுவாக வணிகப் பயன்பாட்டுக்குப் பொருந்தாது. பிழைப்புக்காகத் தானே நடத்தும் சுயதொழிலுக்கு அதில் ஒரு விலக்கு உண்டு. உங்கள் மில் அதில் அடங்குமா என்பதை வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். நான் சொல்லக்கூடியது தொழில்நுட்பப் பக்கம் மட்டும்: பெரிய புல்லி, ஏற்றி வைத்த ரிலே, அளவை மீறிய மின்னோட்டம் மூன்றையும் எதிர்த்தரப்புப் பொறியாளர் எடுத்துவைத்தால் உங்கள் வழக்கு நிற்காது. கடைக்காரரோடு பகை வேண்டாம். இனி அவரிடம் மோட்டார் போகும்போது, ஒயர் கேஜ், சுற்று எண்ணிக்கை, லோடு இல்லாத மின்னோட்டம், மெகர் அளவு (இன்சுலேஷன் சோதனை) ஆகியவற்றைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

மூன்று ஒயரிலும் ஒரே அளவு ஏன் இல்லை

சராசரி 7.57-இலிருந்து 8.6 விலகியிருப்பது ஏறத்தாழ 14 சதவீதம். மின்னழுத்தத்தைப் பாருங்கள்: சராசரி 392.7, அதிலிருந்து 385 விலகியிருப்பது 2 சதவீதம்தான். இந்தச் சிறிய விலகல் மின்னோட்டத்தில் ஆறு முதல் பத்து மடங்காகப் பெருகித் தெரியும் என்பது மோட்டார்களின் குணம். ஆகவே குற்றம் மின்வாரிய இணைப்பில் இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். நினைப்பதோடு விடாமல் சோதித்துவிடலாம்.

மெயினை அணைத்துவிட்டு, ஸ்டார்ட்டருக்குள் நுழையும் மூன்று ஒயர்களையும் ஒவ்வோர் இடம் தள்ளி மாட்டச் சொல்லுங்கள்: முதல் இடத்தில் இருந்தது இரண்டாவதற்கு, இரண்டாவது மூன்றாவதற்கு, மூன்றாவது முதலாவதற்கு. மூன்றையும் தள்ள வேண்டும். இரண்டை மட்டும் மாற்றினால் மோட்டார் தலைகீழாகச் சுழலும். மறுபடி மோட்டார் ஒயர்களை அளந்து பாருங்கள். அதிக மின்னோட்டம் பழைய மோட்டார் ஒயரிலேயே தங்கியிருந்தால் வைண்டிங்கிலோ ஸ்டார்ட்டரின் கான்டாக்டிலோ குறை. இடம் மாறியிருந்தால் மெயினில் குறை.

மெயின் என்று தெரிந்தால், முதலில் உங்கள் பக்கத்து மெயின் சுவிட்ச், பியூஸ், ஒயர் முனைகள் சூடாகின்றனவா என்று எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும். தளர்ந்த ஒரு திருகு போதும், பேஸ் அழுத்தம் இறங்க. அதன்பின் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில், மூன்று நாள் காலையும் மாலையும் குறித்த மின்னழுத்த அளவுகளோடு எழுத்தில் கொடுங்கள். தாழ்வழுத்த இணைப்பில் 6 சதவீத ஏற்ற இறக்கம்தான் அனுமதி. 415-க்கு அது 390 வோல்ட். உங்கள் ஒரு பேஸ் ஜோடி அதற்குக் கீழே நிற்கிறது. டிரான்ஸ்பார்மரில் ஒரே பேஸில் வீட்டு இணைப்புகள் குவிந்திருந்தால் பிரித்து மாற்றித் தருவார்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில் புகார் பதிந்து எண் வாங்கிக்கொள்வதும் நல்லது.

புல்லி

இதற்கெல்லாம் முதல் காரணம் அந்தப் புல்லிதான். 5 அங்குலத்திலிருந்து 6 அங்குலம் என்றால் பல்வரைசரின் வேகம் 20 சதவீதம் ஏறும். லோடும் 20 சதவீதம் ஏறும் என்று நினைத்திருப்பீர்கள். உள்ளே சுழலும் தட்டு காற்றையும் சேர்த்துத்தான் அடிக்கிறது. காற்றை அடிக்கும் வேலை வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். 1.2-ஐ மூன்று முறை பெருக்கினால் 1.73. ஒரு மிளகாய்கூடப் போடாமலே அந்தச் செலவு முக்கால் பங்கு கூடிவிட்டது. இதை நீங்களே பார்க்கலாம்: பெல்ட் இல்லாமல், பெல்ட்டுடன் வெறும் மில்லாக, அரவையோடு என்று மூன்று நிலையிலும் மெயின் ஒயரை அளந்து எழுதுங்கள். இரண்டாவது எண் உங்களைத் திடுக்கிட வைக்கும்.

பல்வரைசர் தயாரித்தவர் குறித்த வேகத்தைத் தாண்டிச் சுழற்றுவது மோட்டாருக்கு மட்டும் ஆபத்து அல்ல. உள்ளே சுழன்று அடிக்கும் பீட்டர் தெறித்தால் எதிரே நிற்பவர் கதி என்ன?

நீங்கள் கேட்ட மற்ற இரண்டு

கெபாசிட்டர் வாங்கலாம், ஆனால் மோட்டாரைக் காப்பாற்ற அல்ல. கெபாசிட்டர் மாட்டினால் அதற்கு முன்னால் உள்ள மெயின் ஒயரில் ஆம்பியர் குறையும்; அதற்குப் பின்னால் மோட்டாருக்குள் பாய்வது துளியும் குறையாது. விற்பவர் மெயின் ஒயரில் டெஸ்டரை மாட்டிக் காட்டிவிட்டுப் போவார், காயில் எப்போதும்போல் வெந்துகொண்டிருக்கும். கெபாசிட்டர் இருக்கும் இடத்தில் அதற்கும் மோட்டாருக்கும் நடுவே அளந்தால்தான் மோட்டாரின் உண்மை தெரியும்.

10 குதிரைத்திறன் மோட்டார் என்பது நியாயமான யோசனைதான், பழைய புல்லிக்குத் திரும்பியும் அரவை போதவில்லை என்றால். அதன் மின்னோட்டம் 14 ஆம்பியர் அளவில் வரும். ரிலே, பியூஸ், ஒயர் எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். மின்வாரியத்தில் உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடையும் முன்கூட்டியே உயர்த்திக்கொள்ள வேண்டும். உயர்த்தாமல் மாட்டிவிட்டு ஆய்வில் சிக்கினால் அபராதம் வரும். பெரிய புல்லியையும் வைத்துக்கொண்டு பெரிய மோட்டாரும் போடுவது மட்டும் வேண்டாம்.

அளக்கும் விதம் குறித்து ஒரு கண்டிப்பு

"மகன் டார்ச் பிடிக்க, மில் ஓடும்போதே ஸ்டார்ட்டர் மூடியைத் திறந்து ஒயர்களை விரலால் விலக்கி அளந்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. 415 வோல்ட் முனைகள் விரலுக்கு ஓர் அங்குலத்தில் இருந்திருக்கின்றன. பக்கத்தில் பெல்ட் ஓடியிருக்கிறது. ஸ்டார்ட்டரைத் திறக்கும் வேலை உரிமம் பெற்ற மின் பணியாளருடையது. மெயினை அணைத்து, மின்னழுத்தம் இல்லை என்று அளந்து உறுதி செய்து, ஒயர்களைப் பிரித்து, தாடையை மாட்டித் தொங்கவிட்டு, விலகி நின்று ஓட்டிப் படிப்பதுதான் முறை. நீங்கள் அருகிலிருந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், போதும். வளையல், தொங்கும் முந்தானை, ஈரக் கை எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம். டெஸ்டரில் "கேட் 3, 600 வோல்ட்" என்ற பாதுகாப்புக் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் அதை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், மில்லுக்கு வேண்டாம்.

ஓட்டியதும் வரும் எண்ணைக் குறிக்காதீர்கள். புறப்படும்போது மின்னோட்டம் பல மடங்கு எகிறும், ஸ்டாரில் வேறு அளவு காட்டும். டெல்டாவுக்கு மாறி, அரவை சீராகிச் சில நிமிடம் கழித்துப் படியுங்கள்.

அடிக்கடி மூடியைத் திறக்கும் தேவையே வராமலிருக்க, ஸ்டார்ட்டர் பக்கத்தில் மெயின் ஒயரில் ஓர் ஆம்பியர் மீட்டரை நிரந்தரமாகப் பொருத்தச் சொல்லுங்கள். 10.5-இல் சிவப்புக் கோடு போட்டுவிட்டால், முள் கோட்டை நெருங்கும்போது மிளகாய் விழும் வாயைக் கொஞ்சம் மூட வேண்டும் என்று மில்லில் நிற்கும் யாருக்கும் தெரியும். மீட்டரைக் கரண்ட் டிரான்ஸ்பார்மர் வழியாக இணைத்திருந்தால், மோட்டார் ஓடும்போது அந்தச் சிறிய ஒயர்களைக் கழற்றவே கூடாது. அங்கே உயர் மின்னழுத்தம் எழும். எலக்ட்ரீஷியனுக்கு இது தெரிந்திருக்கும், ஆனாலும் பெட்டியின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பழைய புல்லியை மாட்டி, ரிலேயைத் திருத்தியபின் மெயினில் மூன்று ஒயரிலும் வரும் அளவை எனக்கு எழுதுங்கள். அப்போதும் 10.5-க்கு மேல் இருந்தால் சல்லடை, பெல்ட் இறுக்கம், பேரிங், மிளகாயின் ஈரம் என்று அடுத்த வரிசையில் தேடுவோம்.